ரப்பர் தோட்டத்திலிருந்து கவிதை அனுப்புவது

கவிதை எழுத ஒரு மழை நாள் போதும். அதை ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பி முடிப்பதற்குள்தான் ஆளுக்கு வயதாகிவிடுகிறது. நீங்களும் அனுப்பியிருப்பீர்கள். அனுப்பிவிட்டு போனை எடுத்து எடுத்துப் பார்த்திருப்பீர்கள். "கிடைத்தது" என்று ஒரு வார்த்தை வராதா என்று ஏங்கி, பிறகு அனுப்பின விலாசம் தப்போ என்று சந்தேகப்பட்டு, கடைசியில் எழுதினதே தப்பு என்ற முடிவுக்கு வந்திருப்பீர்கள். உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். பத்தொன்பது வருஷமாக அதே வேலை, அதே கத்தி, பிடி மட்டும் மூன்று தடவை மாற்றியாயிற்று. படம் போடுவேன், கவிதையும் எழுதுவேன். கொழும்பில் ஒரு மாடி அறையில் இரண்டு பெண்கள் நடத்துகிற சின்னப் பதிப்பகம் ஒன்று, பெண்களின் கவிதையையும் ஓவியத்தையும் சேர்த்து ஒரு தொகுப்புப் போடப்போவதாக அறிவித்திருந்தது. 'இதுவரை எங்கும் எழுதாதவர்களும் அனுப்பலாம்' என்று அதில் ஒரு வரி. எனக்கு ஆசை வந்துவிட்டது. இந்திராணி என்கிற என் பேர் அச்சில் இருப்பது அடையாள அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும்தான். நான் எழுதின ஒன்றுக்குக் கீழே அது ஒரு தடவை வரவேண்டும். அந்த ஆசை என்னைப் படுத்திய பாடு இது.

பசை

முதல் தடவை தபாலில் அனுப்பினேன். நிலாவைப் பற்றி ஒன்று, தாய்மையைப் பற்றி ஒன்று, சமாதானத்தைப் பற்றி ஒன்று என்று மூன்று கவிதை. கூடவே, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, அன்றைக்குத்தான் எழுதுவேன். மற்ற நாளில் விடிய ஆறு மணியிலிருந்து பதினொரு மணி வரைக்கும் கொண்டுபோன தண்ணீர்ப் போத்தலைக்கூடத் திறப்பதில்லை. குடித்தால் ஒதுங்க வேண்டிவரும், ஒதுங்குகிற பாறைப் பக்கம் கண்டக்கையாவின் பைக் நிற்கும் என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். கண்டக்கையா என்றால் எங்கள் வேலையைப் பார்வையிடுகிற வெளிக்கள உத்தியோகத்தர்.

உறையை ஒட்டப் பசை இல்லை. ரப்பர் தோட்டத்தில் இருந்துகொண்டு யாராவது பசை வாங்கக் கடைக்குப் போவார்களா? சிரட்டையில் இறங்கியிருந்த பாலை விரலால் தொட்டு நாலு ஓரமும் தாராளமாகப் பூசினேன். நாங்கள் குடியிருக்கிற லயத்து வீடுகளில் செருப்பிலிருந்து சாமி படம் வரைக்கும் அப்படித்தான் ஒட்டுவோம். பால் உள்ளே கசியும் என்று எனக்குத் தோன்றவில்லை. நாலு நாளில் அது நாறும் என்பது தெரியும். ஆனால் அந்த நாற்றம் எங்களுக்குப் பழகிவிட்டதால், கொழும்புக்காரர்களுக்குப் பழகியிருக்காதே என்ற நினைப்பு வரவில்லை.

பத்து நாள் கழித்து, நான் கடைத்தெருவில் நின்றபோது போன் வந்தது. பேசினவர் பதிப்பகத்து இரண்டு பேரில் ஒருவர், பேர் கௌரி. யாழ்ப்பாணத்துப் பேச்சு. நான் "மேடம்" என்றேன், "அக்கா எண்டு சொல்லுங்கோ" என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார்: "கவிதை மூண்டும் ஒண்டோட ஒண்டு ஒட்டிப்போச்சுது இந்திராணி, கத்தியாலயும் பிரிக்கேலாது. கடிதம் மட்டும்தான் தப்பினது. அதில இருக்கிற அந்தப் போத்தலைப் பற்றி எழுதி, படமும் கீறி அனுப்புங்கோ. பசை மட்டும் கடையில வாங்குங்கோ."

மூடி உடைந்த போத்தல்

அந்த மாதம் மூன்று நாள் விடாமல் மழை. எங்கள் சப்ரகமுவ மாகாணத்தில் மழைக்குப் பஞ்சமில்லை, ஆகவே எனக்கு எழுதும் நாளுக்கும் பஞ்சமில்லை. இரண்டு நாள் எழுதிக் கிழித்ததில் நாலு வரி மிஞ்சியது.

விடிய ஆறு மணிக்கு நிரப்பிய போத்தல்
பதினொரு மணிக்கும் நிரம்பியே இருக்கிறது.
தாகம் இல்லாமல் இல்லை.
பாறைப் பக்கம் பைக் நிற்கிறது.

இவ்வளவுதான். கவிதை என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. நிலாவும் இல்லை, ஒரு உவமையும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கப் படத்தில் நிறைய வேலை செய்தேன். பழைய கலண்டரின் பின்பக்கம், கறுப்புப் பேனா, கலர்ப் பென்சில். மரத்தடியில் வரிசையாக ஐந்து போத்தல். தூரத்தில் பாறை. பாறையோரம் ஒரு பைக். அதன் கண்ணாடியில் ஹெல்மெட் தொங்குகிறது. சீட்டை மஞ்சள் பொலித்தீனால் சுற்றியிருக்கிறது. ஆள் ஒருவரையும் போடவில்லை. எனக்கு முகம் சரியாக வராது, அதுதான் காரணம். கலைநயம் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள், நான் மறுக்கவில்லை.

என்னோடு அதே மலையில் வெட்டுகிற செல்வி அக்கா மழைக்கு ஒதுங்க வந்தவர் படத்தைப் பார்த்தார். அவர் எங்கள் ஐந்து பேரில் மூத்தவர், வாய் நீளம். படத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரி. மூணாவதா இருக்குறது என் போத்தல் தானே? அதுக்கு மூடி உடைஞ்சு நூல் கட்டியிருக்கும். அத ஏன் போடாம விட்ட? போடு."

ஒரே டவர்

இந்தத் தடவை தபால் வேண்டாம், போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். எங்கள் தோட்டத்தில் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். நீங்கள் ஊகித்திருப்பீர்கள். அந்தப் பாறைதான். கண்டக்கையா தினமும் ஏழு மணிக்கு அங்கே பைக்கை நிறுத்திப் பத்து, பத்தரை வரைக்கும் காதில் போனோடு நிற்பதன் காரணமும் அதுதான். மனுஷனுக்கு ஆபிஸிலிருந்தும் ஸ்டோரிலிருந்தும் போன் வந்தபடி இருக்கும். அவரைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. பாறைக்குத்தான் இரண்டு உத்தியோகம் விழுந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வரமாட்டார் என்று போய், பாறை மேல் படத்தை விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்து, படம் பிடித்தேன். அனுப்பும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பாதி போயிருக்கும்போது பைக் சத்தம். அவரேதான், சறமும் பனியனுமாக, சொந்தப் போனைக் கையில் பிடித்துக்கொண்டு. அவருடைய பைக் கல்லின் மேல் கலரில் கிடக்கிறது, அசல் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. படத்தின் மேல் உட்கார்ந்துவிட்டேன். வேறு வழியில்லை.

அவர் சிங்களவர், தோட்டத்திலேயே வருஷக்கணக்காக இருந்து தமிழ் நன்றாகப் பேசுவார். நான் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு பத்தடி தள்ளிப் போய் நின்றார். "பேசு, பேசு, அவசரம் இல்ல. மே தமய் அபே டவர் எக. இதுதானே நம்ம டவர்."

நீல டிக்

அனுப்பினேன். இரண்டு டிக் விழுந்தது. பிறகு நீலமானது. பிறகு ஒன்றுமில்லை. ஒரு வாரம், மூன்று வாரம், ஏழு வாரம். உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பார்த்தவர்கள் பிடித்திருந்தால் சொல்லமாட்டார்களா, பிடிக்காவிட்டாலாவது சொல்லமாட்டார்களா என்று மரத்துக்கு மரம் நினைத்துக்கொண்டே வெட்டினேன். நினைப்பு வேறெங்கோ இருந்ததில் ஒரு மரத்தில் கத்தி ஆழமாக இறங்கிப் பட்டையைக் காயப்படுத்திவிட்டது. கங்காணியிடம் திட்டு வாங்கினேன்.

எட்டாவது வாரம் மானத்தை விட்டுவிட்டு, 'அக்கா, கிடைத்ததா?' என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். உடனே கூப்பிட்டார். இருநூறுக்கு மேல் வந்திருக்கிறதாம், வாசிப்பது அவர்கள் இரண்டே பேராம். குரலில் தூக்கக் கலக்கம். அவர்களுக்கும் நம்மைப்போல்தான் என்று எனக்கு முதல் தடவையாகத் தோன்றியது. கடைசியில் சொன்னார்: "நீங்கள் மழையில எழுதுறியள், நாங்கள் லீவு நாளில வாசிக்கிறம். உங்கட எடுத்தாச்சு இந்திராணி. படமும் எடுத்தாச்சு. அதைச் சொல்ல மறந்துபோனம்."

சொல்ல மறந்துவிட்டார்களாம். பாறையிலிருந்து இறங்கி வரும்போது அழுதேன்.

ஐம்பது சொல்

அடுத்தது தன்விவரம். ஐம்பது சொல்லுக்குள், நம்மைப் பற்றி வேறு யாரோ எழுதினது போல எழுத வேண்டும். மாதிரிக்கு வேறு சிலருடையதை அனுப்பியிருந்தார்கள். ஒருவர் இரண்டு பட்டம் பெற்றவர், ஒருவர் மூன்று நாட்டில் கவிதை வாசித்தவர், ஒருவர் பூனைகளோடு வசிப்பவர். எங்கள் லயத்திலும் பூனை இருக்கிறது, அதை எழுதலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.

கடைசியில் எழுதினது இது: 'இந்திராணி சப்ரகமுவவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். மழை நாட்களில் எழுதுகிறார்.' அதற்கு மேல் வரவில்லை. என் வீட்டுக்காரர் அவிசாவளையில் ஒரு மரக்கடையில் வேலை செய்பவர். அளந்து பார்க்கிற பழக்கம் உள்ளவர். விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்து என்னைப் பார்த்தார்: "பத்துச் சொல்லுதான் வந்துருக்கு, இன்னும் நாப்பது மிச்சம் கெடக்கு. அதுல ஒண்ணு கூடவா எனக்கு இல்ல?"

கொழுந்துக் கூடை

புத்தகப் பக்கம் எப்படி வரும் என்று பார்க்க அனுப்பினார்கள். பாறையில் நின்று திறந்தேன். என் கவிதை இருந்தது. என் படம் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கி ஒரு மூலையில் இருந்தது. பக்கம் முழுக்க வேறொரு பெண், தலையில் முக்காடு, முதுகில் கொழுந்துக் கூடை, வாய் நிறையச் சிரிப்பு. பக்கத்தை வடிவமைத்த பிள்ளை, தன்விவரத்தில் 'தோட்டம்' என்று பார்த்ததும், மலையகத் தமிழ்ப் பெண் என்றால் தேயிலைதான் என்று நினைத்து, நல்ல எண்ணத்தோடு சேர்த்துவிட்டதாம்.

எனக்குக் கோபம் வந்தது. நிவித்திகல பக்கம் தேயிலை இருக்கிறது, எங்கள் தோட்டத்தில் மருந்துக்கும் கிடையாது. நான் வாழ்நாளில் ஒரு கொழுந்து கிள்ளினதில்லை. கௌரி அக்காவைக் கூப்பிட்டு, "அக்கா, அந்தப் பொம்பளைய எடுத்துட்டு எங்க போத்தல பெருசா போடுங்க" என்றேன். அவர் மன்னிப்புக் கேட்டார், அன்றைக்கே மாற்றியும் விட்டார். ஆனால் அதற்குள் நான் பழையதை மலையில் எல்லோருக்கும் காட்டியிருந்தேன். செல்வி அக்கா போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாரு புள்ள இது? இந்த மலையில வேலை பாத்துட்டு இப்படிச் சிரிக்கிறா, இவளுக்கு மட்டும் வேற பாறை இருக்கா?"

புனைபெயர்

திருத்திய பக்கத்தை வீட்டுக்காரரிடம் காட்டினேன். அதுவரை அவர் கவிதையை வாசித்திருக்கவில்லை. வாசித்தார், படத்தைப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. "இது கண்டக்கையாட பைக் தானே" என்றார். அவர் பயந்தாங்கொள்ளி இல்லை. நான் தோட்டத்தில் பேர் பதிந்திருப்பதால்தான் இந்த லயத்து வீடு எங்களுக்கு. கண்டக்கையாவுக்கு மனம் கோணினால் வேலையில் கைவைக்க ஆயிரம் வழி இருக்கிறது, வேலை போனால் வீடும் போய்விடும். "எழுதுறத எழுது. பேர மட்டும் மாத்திப் போடு" என்றார். எனக்கும் பயம்தான், பொய் சொல்லவில்லை. கௌரி அக்காவிடம் கேட்டதற்கு, அது உங்கள் முடிவு, வெள்ளிக்கிழமைக்குள் பேரைச் சொன்னால் போதும் என்றார்.

பேருக்காகவே இவ்வளவும் செய்தவள், இப்போது வேறு பேர் தேடினேன். மலையில் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருத்தி சினிமா நடிகை பேரைச் சொன்னாள், ஒருத்தி தன் மகள் பேரைச் சொல்லி உடனே வாபஸ் வாங்கிக்கொண்டாள். செல்வி அக்கா கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "நீ பேர மாத்திக்குவ. படத்துல மூடி உடைஞ்ச போத்தல் யாரோடதுன்னு இந்தத் தோட்டத்துக்கே தெரியும். என் போத்தலுக்கு என்னா புனைபேரு வைக்கப்போற?"

மூடியைப் போடச் சொன்னதே அவர்தான், தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாகப் போய்விட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன், என் பேரையே போடச் சொல்லிவிட்டேன் என்று. சாப்பிட்டுக் கை கழுவின பிறகு சொன்னார்: "சரி, போடு. அந்த நாப்பது சொல்லுல எனக்கு ஒண்ணு கேட்டேன்ல, அது வேணாம்."

பார்சல்

எங்கள் லயத்துக்குத் தபால்காரர் வருவதில்லை. கடிதம் எல்லாம் தோட்டத்து ஆபிஸுக்குப் போகும்; காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் கிளாக்கர் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். பார்சலாக இருந்தால் பிரித்துப் பார்த்துத்தான் தருவார். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. விலாசம் கொடுக்கும்போது இதை நான் யோசித்திருக்க வேண்டும். பழக்கத்தில் தோட்டத்து விலாசத்தையே கொடுத்திருந்தேன்.

"இந்திராணி, பார்சல்" என்றார் கிளாக்கர். பிரித்தார். இரண்டு புத்தகம். கௌரி அக்கா என் பக்கத்தில் நாடா வைத்திருந்ததால், புத்தகம் நேராக அங்கேயே திறந்தது. கிளாக்கருக்குப் பக்கத்தில் நின்ற கண்டக்கையா எட்டிப் பார்த்தார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. படம் தெரியுமே. "அனே, மே மகே பைக் எக நே" என்று சந்தோஷமாகப் புத்தகத்தை வாங்கினார். என்னோட பைக், என்னோட ஹெல்மெட் என்று தடவிப் பார்த்தார். பிறகு, "என்ன எழுதியிருக்கு? படிங்க கிளாக்கர்" என்றார்.

கிளாக்கர் உரக்கவே தொடங்கினார். நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வரியில் குரல் இறங்கிவிட்டது, நாலாவதை முணுமுணுத்தார். அதற்குக் கீழே என் பேரையும் வாசித்தார். என் கவிதையை ஒருவர் வாய்விட்டு வாசித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பயம் பாதி என்றால், சத்தியமாகச் சொல்கிறேன், பெருமை பாதி.

கண்டக்கையா வரிசையாக எங்கள் ஐந்து பேரையும் பார்த்தார். காது சிவந்துவிட்டது. "ரெண்டு வருஷமா அங்கதானே நிக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தள்ளிப் போயிருப்பேன் தானே. ஏன் ஒருத்தரும் வாய் தொறக்கல?" செல்வி அக்காதான் ஒரு அடி முன்னால் வந்தார்: "அத எப்படிங்க ஐயா ஆம்பளைங்ககிட்ட வாயால சொல்றது? அதான் அவ எழுதி, படம் போட்டு, பேரும் போட்டுக் குடுத்துருக்கா."

நூறு யார்டு

ஐயா புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தார். திட்டவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது. அவர் கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, அது நியாயம்தான். கக்கூசு கட்டித் தரச்சொல்லி மேலிடத்துக்கு எழுதியிருப்பதாக ஆபிஸில் சொல்கிறார்கள். மேலிடம் எட்டாவது வாரத்தில் இருக்கிறதோ என்னவோ. பைக் இப்போது மதகடியில் நிற்கிறது. அங்கே சிக்னல் வராது. ஐயா "ஹலோ, ஹலோ" என்று கத்துவது மலை முழுக்கக் கேட்கிறது. நாங்கள் ஒன்பது மணிக்கே தண்ணீர் குடிக்கிறோம்.

புத்தகத்துக்கு மதிப்புரை எதுவும் கண்ணில் பட்டதா என்று போன வாரம் கௌரி அக்கா கேட்டபோது, பத்திரிகையில் ஒன்றையும் காணவில்லை அக்கா, இங்கே ஒரு பைக் மட்டும் நூறு யார்டு தள்ளி நிற்கிறது என்று சொன்னேன்.